கேன் காய்ந்திருந்தது, எஞ்சின் தேய்ந்திருந்தது: ஓர் ஆர்பி26 பற்றிய நிகழ்வு ஆய்வு

ஜூலை மாதக் குளிரில், மெல்பர்னில் நான் வேலை செய்யும் பட்டறைக்கு 1992ஆம் ஆண்டின் நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஒன்று வந்தது. பானெட்டைத் திறந்ததும் உரிமையாளர் முதலில் காட்டியது, எஞ்சினின் உள்வாயுவோடு வரும் ஆயிலைப் பிடித்து வைக்கும் கேட்ச் கேனைத்தான். அதன் அடித்திருகைக் கழற்றி விரலை வைத்துக் காட்டினார். ஒரு சொட்டு ஆயில்கூட வரவில்லை. எஞ்சின் ஆரோக்கியமாக இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா என்பது அவர் கேள்வி. ஆனாலும் வண்டியைக் கொண்டுவந்ததற்குக் காரணங்கள் இருந்தன. சிக்னலில் இரண்டு நிமிடம் நின்று கிளம்பினால் பின்னால் நீலப் புகை எழுந்தது. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தில் ஆயில் கசிந்தது. மூன்றாவதை அவர் புகாராகச் சொல்லவில்லை, வியப்பாகத்தான் சொன்னார்: வாரநாட்களில் வேலைக்குப் போய் வரும்போது டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதே இல்லை, பந்தயத்திடலுக்குப் போய் ஒரு பகல் ஓட்டிவிட்டு வந்தால் மட்டும் ஏறத்தாழ ஒரு லிட்டர் காணாமல் போகிறது. காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போக்களின் சீல் போய்விட்டதாக அவரே முடிவு செய்து, இரண்டு புதிய டர்போக்களுக்கு விலையும் விசாரித்து வைத்திருந்தார்.

இந்த மூன்றாவது செய்திதான் முழு வழக்கின் திறவுகோல் என்பது எங்களுக்குப் பிறகே புரிந்தது.

இந்தக் காரின் ஆர்பி26 எஞ்சின் சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பட்டறையில் புதிதாகக் கட்டப்பட்டது. ஃபோர்ஜ்டு பிஸ்டன்கள், எஃகுச் சக்கரம் கொண்ட இரட்டை டர்போக்கள், இன்டேக் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த்தொகுதி) அழுத்தத்தை அளந்து எரிபொருள் கொடுக்கும் மாற்று இசியு (எஞ்சினை ஆளும் கணினி), எத்தனால் பெரும்பங்கான இ85 எரிபொருள், 1.3 பார் பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) என்று இந்த வகைக் கார்களில் வழக்கமாகக் காணும் பட்டியல்தான். கட்டியவர்களின் வேலையில் கவனக்குறைவு ஏதும் இல்லை. பிஸ்டன் இடைவெளியும் ரிங் இடைவெளியும் சிலிண்டர்வாரியாகக் குறித்த தாள் ஒன்றை உரிமையாளர் பத்திரமாக வைத்திருந்தார். அந்தத் தாள் இல்லாவிட்டால் இந்த ஆய்வில் பாதியை எழுதியிருக்க முடியாது.

இந்த எஞ்சின் மூச்சு விடும் விதம்

ஆர்பி26டிஇடிடி என்பது 86 மில்லிமீட்டர் போரும் (சிலிண்டரின் விட்டம்) 73.7 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்ட, 2568 சிசி நேர்வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சின். வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், 24 வால்வுகள், ஆறு த்ராட்டில்கள், இரண்டு டர்போக்கள். 1989இல் ஆர்32 ஜிடி-ஆருடன் வெளிவந்தது; அறிவிக்கப்பட்ட ஆற்றல் 280 குதிரைத்திறன். குரூப் ஏ பந்தயத்துக்கென்றே வடிவமைத்த எஞ்சின் இது. ஜப்பானிய டூரிங் கார் போட்டியில் 1990 முதல் 1993 வரை நடந்த 29 பந்தயங்களையும் இந்தக் காரே வென்றது; ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்டில் 1991, 1992 என அடுத்தடுத்து இரு ஆண்டுகள் ஜிம் ரிச்சர்ட்ஸும் மார்க் ஸ்கைஃபும் இதில் வென்றார்கள். இங்கே இந்தக் காருக்கு இன்றும் இருக்கும் மவுசு அப்போது தொடங்கியது.

எந்த எஞ்சினிலும் எரிந்த வாயுவிலும் எரியாத கலவையிலும் ஒரு சிறு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே, கிராங்க் தண்டு சுழலும் அறையான கிராங்க்கேஸுக்குள் இறங்கும். அதை ப்ளோ-பை என்கிறோம். நம் ஊர் லாரிப் பட்டறைகளில் அதற்குப் பெயர் பேக் கம்ப்ரஷன். எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, உள்ளங்கையை மேலே காட்டி, அடிக்கும் காற்றை வைத்து எஞ்சினின் வயதைச் சொல்லும் மேஸ்திரிகள் நாமக்கல்லில் இன்றும் உண்டு. அவர்களிடம்தான் நான் தொழில் பழகினேன். அந்த வாயுவை வெளியே விடாமல் அடைத்தால் அது ஏதாவது ஒரு சீலைப் பிதுக்கிக்கொண்டு வரும். பழைய லாரிகளில் கிராங்க்கேஸிலிருந்து ஒரு குழாய் சும்மா ரோட்டைப் பார்த்துத் தொங்கும். கார்களிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1961இல் கலிஃபோர்னியாவில் விற்ற புதிய கார்களில்தான் அந்த வாயுவை மீண்டும் இன்டேக்குக்கே அனுப்பும் பிசிவி வால்வு பரவலாக வந்தது. காற்று மாசைக் குறைக்கவே அது வந்தது. ஆயிலும் எஞ்சினும் கூடுதல் காலம் உழைத்தது அதனால் கிடைத்த உபரி லாபம். மாடிஃபை செய்பவர்கள் மறந்துவிடுவது இந்த உபரி லாபத்தைத்தான்.

ஆர்பி26இல் ஹெட்டின் மேல்மூடிகளான இரண்டு கேம் கவர்களும் ஒரு குழாயால் இணைந்திருக்கும். ஒரு பக்கம் பிசிவி வால்வு வழியாக இன்டேக் மேனிஃபோல்டுக்கும், மறுபக்கம் டர்போக்களுக்கு முந்தைய இன்டேக் குழாய்க்கும் வழி போகும். நிதானமாக ஓட்டும்போது மேனிஃபோல்டில் வெற்றிடம் இருக்கும். வால்வு திறந்து கிராங்க்கேஸ் வாயுவை உறிஞ்சும். அதற்கு ஈடாக மறுபக்கக் குழாயிலிருந்து வடிகட்டிய புதுக் காற்று உள்ளே வரும். ஆகவே வாயு வெளியேறுவதோடு நிற்காமல், உள்ளே இருக்கும் காற்றே தொடர்ந்து மாறிக்கொண்டிருக்கும். பூஸ்ட் ஏறியதும் பிசிவி வால்வு மூடிக்கொள்ளும். அப்போது மொத்த ப்ளோ-பையும் மறுபக்கக் குழாய் வழியாகத் திரும்பி டர்போவின் வாய்க்குப் போகும். ஒரே குழாய் ஒரு நேரம் காற்றை உள்ளே எடுக்கிறது, இன்னொரு நேரம் வெளியே விடுகிறது.

இந்த எஞ்சினுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. கிராங்க்கேஸிலிருந்து வாயு மேலே ஏறுவதற்கும், ஹெட்டுக்கு ஏறிய ஆயில் கீழே இறங்குவதற்கும் பெரும்பாலும் அதே துளைகள்தான். ஒற்றையடிப் பாதையில் எதிரெதிரே இரண்டு மாட்டுவண்டிகள் வந்த கதை. வாயு குறைவாக இருக்கும்வரை இரண்டும் ஒதுங்கிப் போய்க்கொள்ளும். பூஸ்ட்டைக் கூட்டி, வளைவில் நீண்ட நேரம் பக்கவாட்டு விசை விழும்போது, ஏறும் வாயு இறங்கும் ஆயிலைத் தடுத்து நிறுத்திவிடும். ஹெட்டில் ஆயில் தேங்கி, கேம் கவர் வழியாகக் குழாயில் பாய்ந்துவிடும். இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் விலக்க வேண்டும். பிஸ்டன்கள் கீழே இறங்கும்போது காற்றைப் பம்ப் செய்வதால்தான் இந்த அழுத்தம் வருகிறது என்று சிலர் விளக்குவார்கள். பழைய இரும்பு எஞ்சின் புல்லட்டுக்கு அது பொருந்தும். ஒற்றைப் பிஸ்டன் ஏறி இறங்கும்போதெல்லாம் கிராங்க்கேஸின் கொள்ளளவு மாறுவதால்தான் அதில் வாத்து அலகு போன்ற ரப்பர் வால்வு வைத்த ப்ரீதர் இருந்தது. நேர்வரிசை ஆறு சிலிண்டரில் இரண்டிரண்டாக 120 டிகிரி இடைவெளியில் பிஸ்டன்கள் இயங்குவதால், ஒன்றின் இறக்கத்தை மற்றொன்றின் ஏற்றம் ஈடுகட்டி, மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய மாறாமலே இருக்கும். இங்கே எழும் அழுத்தம் முழுக்க முழுக்க ரிங்குகளைத் தாண்டி வந்த வாயுவின் கணக்கு.

கேட்ச் கேன் யாருக்காக வந்தது

இந்தக் காரின் முந்தைய வரலாற்றை உரிமையாளர் சொன்னார். முதல் திடல் நாளில் இன்டேக் குழாய் முழுவதும் ஆயில் நனைந்தது. டர்போ அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரைக் கழற்றியபோது உள்ளிருந்து ஆயில் வழிந்தது. அன்றைய பட்டறையினர் அதற்குச் செய்த மருத்துவம் எல்லோரும் செய்வதே: ஹெட்டுக்குப் போகும் ஆயில் துளையைச் சிறிதாக்கினார்கள், ஹெட்டின் பின்புறத்திலிருந்து எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கு வெளிவழியாக ஒரு குழாய் இறக்கினார்கள், பிசிவி வால்வைக் கழற்றி அந்த வழியை அடைத்தார்கள், இரண்டு கேம் கவர்களிலிருந்தும் ஆளுக்கொரு குழாயை ஒரு கேனுக்குக் கொண்டுபோய், கேனின் தலையில் ஒரு சிறு ஃபில்டரை வைத்து வெளிக்காற்றுக்குத் திறந்துவிட்டார்கள். அதன்பிறகு இன்டேக் சுத்தமானது. அடுத்த திடல் நாளில் கேனில் ஒரு விரலளவு ஆயில் மட்டுமே சேர்ந்தது. பிறகு அதுவும் இல்லை.

ஹெட்டின் பின்புறக் குழாய் உண்மையில் ஆயிலை இறக்குகிறதா, அல்லது வாயு ஏற ஒரு தனிப்பாதை கொடுத்து மற்றத் துளைகளை ஆயிலுக்கு விட்டுக்கொடுக்கிறதா என்பது இந்த எஞ்சினைக் கட்டுபவர்களிடையே ஓயாத வாக்குவாதம். என் எண்ணம் இரண்டாவதன் பக்கம். எதுவாயினும் பயன் உண்டு. அதில் எனக்கு மறுப்பில்லை. மறுப்பு பிசிவி வால்வை அடைத்ததில்தான்.

கேட்ச் கேன் பந்தய விதிகளிலிருந்து வந்த பொருள். கிராங்க்கேஸை வெளிக்காற்றுக்குத் திறந்துவைத்த கார்களில், 2000 சிசி வரை 2 லிட்டரும் அதற்கு மேல் 3 லிட்டரும் கொள்ளும் சேகரிப்புத் தொட்டி வேண்டும் என்கிறது உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிநூலிலுள்ள ஜே பின்னிணைப்பு; உள்ளே இருப்பது தெரியும்படி அது ஒளிபுகும் பொருளால் ஆகியிருக்க வேண்டும், அல்லது ஒளிபுகும் பலகணி ஒன்றாவது அதில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த விதியின் நோக்கம் பின்னால் வருபவர் திடலில் சிந்திய ஆயிலில் வழுக்கி விழக்கூடாது என்பது. எஞ்சினின் ஆயுள் அந்த விதியின் கவலை அல்ல; பந்தய எஞ்சினை மணிக்கணக்கு வைத்துப் பிரித்துக் கட்டிவிடுவார்கள், அதன் ஆயில் எப்போதும் கொதிக்கக் கொதிக்க ஓடும். வாரத்தில் ஐந்து நாள் பத்து நிமிடத் தொலைவுக்குப் போய் வரும் காரில் அதே ஏற்பாட்டை வைக்கும்போது, நாம் இரவல் வாங்கியது யாருடைய சட்டை என்று பார்த்துக்கொள்வதில்லை.

அளந்தது

டர்போவைத் தொடுவதற்கு முன் கம்ப்ரஷன் எடுத்தோம், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டன் எழுப்பும் அழுத்தத்தை அளந்தோம். இந்த எஞ்சினுக்கு நிறுவனம் கொடுக்கும் அளவு 1177 கிலோபாஸ்கல், கீழ்வரம்பு 883, சிலிண்டர்களுக்கிடையே வேறுபாடு 98க்குள் இருக்க வேண்டும். ஆறும் வரம்புக்கு மேல் இருந்தன, வேறுபாடும் அதிகமில்லை. பெரும்பாலான பட்டறைகளில் விசாரணை இங்கேயே முடிந்து, டர்போவுக்கு ஆர்டர் போயிருக்கும். ஆறு சிலிண்டர்களும் ஒரே அளவில் தேய்ந்தால் அவற்றுக்கிடையே வேறுபாடு தோன்றாது என்பதையும், எரிபொருள் கலந்து சிலிண்டர் சுவரில் தேங்கும் ஆயில் கம்ப்ரஷன் அளவைச் சற்று உயர்த்திக் காட்டும் என்பதையும் கம்ப்ரஷன் மீட்டர் நமக்குச் சொல்லாது.

அடுத்து, டிப்ஸ்டிக் குழாயின் வாயில் ஒரு ரப்பர் குழாயைப் பொருத்தி, அதன் மறுமுனையை யூ வடிவில் வளைத்த ஒளிபுகும் குழாயுடன் சேர்த்து, நீலம் கலந்த நீரைப் பாதி ஊற்றி, ஒரு பலகையில் அளவுகோலோடு கட்டினோம். இதைவிட மலிவான கருவி பட்டறையில் வேறு இல்லை. இதைவிட நேர்மையானதும் இல்லை. 1 கிலோபாஸ்கல் அழுத்தம் நீரை ஏறத்தாழ 102 மில்லிமீட்டர் தூக்கும். நிறுவனம் கொடுத்த ஏற்பாடு ஒழுங்காக இருந்தால், ஐட்லிங்கில் நீர் எஞ்சினின் பக்கம் சற்று இழுபட வேண்டும். இங்கே அது வெளிப்பக்கமாக இரண்டு விரற்கடை தள்ளப்பட்டு, ஆறு சிலிண்டரின் தாளத்துக்கு ஏற்ப நடுங்கிக்கொண்டு நின்றது. எரிபொருள் மிதிப்பானை இலேசாகத் தட்டியபோது இன்னும் ஏறியது.

வண்டியை நின்ற இடத்திலேயே முழு விசையில் ஓட்டி அளக்கும் டைனோவில் நீர்க்குழாய் தாங்காது என்பதால் அழுத்த சென்சாரை வைத்தோம். முழு பூஸ்ட்டில் கிராங்க்கேஸ் அழுத்தம் 6 கிலோபாஸ்கலை எட்டியது. கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் டர்போவின் ஆயில் புவியீர்ப்பால் மட்டுமே சம்ப்புக்குத் திரும்புகிறது; 30 சென்டிமீட்டர் உயர ஆயில் தூண் தன் அடியில் கொடுக்கும் அழுத்தம் 2.5 கிலோபாஸ்கல்தான். கீழே அதைவிட இரண்டு மடங்குக்கும் மேலான எதிர்ப்பு இருந்தால் ஆயில் டர்போவின் நடுவீட்டிலேயே தேங்கி, தண்டின் சீல்களைத் தாண்டிப் போகும். சிக்னலில் எழுந்த புகைக்கு ஒரு பகுதி விளக்கம் இது. டர்போக்களின் தண்டில் ஆட்டம் ஏதும் இல்லை, அவை நிரபராதிகள். கிராங்கின் பின்புற சீல் கசிந்ததற்கும் இதே காரணம். அந்த சீலை இதற்கு முன் இரண்டு முறை மாற்றியிருந்தார்கள்.

அழுத்தம் ஏன் இவ்வளவு? கேனுக்குப் போன குழாய்களின் உள்விட்டம் சுண்டுவிரல் கனம்தான். கேனின் தலையிலிருந்த ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தபோது, அதன் பஞ்சு தேன்நிறப் பிசினில் ஊறி, அமுக்கினால் விரலில் ஒட்டிக்கொண்டது. வாயால் ஊதினேன், காற்று போகவில்லை. ஆயில் துளியைப் பிடித்து வைத்துக்கொள்ள உள்ளே தடுப்புகள் ஏதுமற்ற வெற்று டப்பாவாகிய அந்தக் கேன், ஆவியை நேரே ஃபில்டருக்கு அனுப்பியிருந்தது. கேன் காய்ந்திருந்ததற்குக் காரணம் எஞ்சினின் ஆரோக்கியம் அல்ல. வழியே பாதி அடைபட்டுப் போனதுதான்.

ஆயில் மூடியின் உட்புறத்தில் தயிர் ஏடு போல வெளிர்மஞ்சள் நுரை படிந்திருந்தது. டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் சாராய வாடை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உருவாகிறது என்பதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அதில் பெரும்பகுதி சைலன்சரில் போய்விடும்; ப்ளோ-பையோடு இறங்கும் சிறு பங்கு குளிர்ந்த கிராங்க்கேஸின் சுவரில் நீராகப் படியும். ப்ளோ-பையில் பெரும்பகுதி எரியாத கலவை என்பதால் எரிபொருளும் கூடவே இறங்கும். இ85இல் இது இரட்டிப்புத் தொல்லை: எத்தனாலில் ஆற்றல் குறைவு என்பதால் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு அளவு கூடுதலாகச் செலுத்த வேண்டும், குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கு அதற்கும் மேல் கொட்ட வேண்டும். பிசிவி இருந்திருந்தால் புதுக் காற்று உள்ளே சுழன்று இந்த ஆவியை அள்ளிக்கொண்டு போயிருக்கும். வெளிக்காற்றுக்குத் திறந்த கேனில் அந்தச் சுழற்சி கிடையாது. வாயு தன் அழுத்தத்தால் எவ்வளவு வெளியேறுகிறதோ அவ்வளவுதான். உள்ளே எஞ்சுவது எப்போதும் நீரும் எரிபொருளும் நிறைந்த ஆவி.

டிப்ஸ்டிக்கின் புதிரும் இங்கே அவிழ்ந்தது. வாரநாட்களில் எஞ்சின் ஆயிலைத் தின்றுகொண்டுதான் இருந்தது. குறைந்த இடத்தை எத்தனாலும் நீரும் நிரப்பின. திடலில் ஆயில் நன்றாகக் காய்ந்ததும் அவை ஆவியாகி வெளியேற, உண்மை அளவு தெரிந்தது. ஒரே நாளில் காணாமல் போனதாக அவர் நினைத்த லிட்டர், சில வாரங்களாகப் போய்க்கொண்டிருந்த லிட்டர்.

பிரித்தபோது கண்டது

ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தோம். இரும்பும் ஈயமும் மிகுந்து, ஆயிலின் கெட்டித்தன்மை அதன் தரத்துக்குரிய வரம்புக்குக் கீழே போயிருந்தது. சிலிக்கனும் சற்று உயர்ந்திருந்தது. சூடான எஞ்சினை நிறுத்தினால் அது குளிரும்போது வெளிக்காற்றை உள்ளிழுக்கும், அந்த மலிவான ஃபில்டரின் ஓரத்திலிருந்த விரிசல் வழியாகத் தூசி போயிருக்க வாய்ப்புண்டு. இதற்குமேல் எஞ்சினைப் பிரிக்காமல் பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை என்று உரிமையாளரை இணங்கவைக்க ஒரு வாரம் ஆனது.

மெயின் பேரிங்குகளைத் துணியால் துடைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஆயில் பற்றாக்குறையால் கெட்ட பேரிங்கில் செம்பு நிறம் பளபளவென்று தெரியும். அழுக்கு போனதென்றால் சுற்றுவாக்கில் கீறல் இருக்கும். இதில் இரண்டும் இல்லை. மேற்படலம் மங்கிச் சாம்பல் பூத்து, ஊசியால் குத்தினாற்போல் நுண்குழிகள் பரவிக் கிடந்தன. சுமை ஏறாத மேல் ஓட்டிலும் அதே குழிகள். சுமை இல்லாத இடத்திலும் அரிப்பு இருந்தால் அது அமிலத்தின் வேலை. ப்ளோ-பையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் நீரோடு சேர்ந்து அமிலமாகும். அதை முறிப்பதற்கென்று ஆயிலில் சேர்க்கும் காரப்பொருள் தீரும்வரை ஒன்றும் தெரியாது, தீர்ந்தபின் ஈயம் முதலில் கரையும். தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகச் சேர்மமும் நீரில் சிதையக்கூடியதே.

சிலிண்டர்களில், ஆயிலைப் பிடித்துவைக்கச் சுவரில் இழைக்கும் ஹோனிங் கோடுகள் மேல்பகுதியில், அதிலும் பிஸ்டன் சாயும் பக்கத்தில், கண்ணாடி போல் மழுங்கியிருந்தன. மேல் ரிங்குகளை ஒவ்வொன்றாக அதனதன் போரில் இறக்கி இடைவெளியை அளந்து, கட்டியபோது எழுதிய தாளோடு ஒப்பிட்டோம். எல்லாவற்றிலும் இடைவெளி ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் கூடியிருந்தது. ரிங்கின் முகமும் போரின் சுவருமாகச் சேர்ந்து ஆரத்தில் 0.03 மில்லிமீட்டர் தேய்ந்தாலே, வட்டத்தின் சுற்றளவுக் கணக்குப்படி முனைகளுக்கிடையே 0.19 மில்லிமீட்டர் விரிந்துவிடும். தலைமுடியில் பாதிகூட வராத தேய்மானம், ரிங்கின் முனையில் கண்ணுக்குத் தெரியும் வாசலாகத் திறக்கிறது. வாசல் விரிந்தால் ப்ளோ-பை கூடும். கூடிய ப்ளோ-பை ஆயிலை இன்னும் கெடுக்கும். கெட்ட ஆயில் ரிங்கை இன்னும் தேய்க்கும்.

ஆர்பி26இன் வால்வு லிஃப்டர்கள் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் தகடு) வைத்த திட வகை. பெரும்பாலான ஆர்பி20, ஆர்பி25களில் இருப்பது போல ஹைட்ராலிக் அல்ல. தன் தேய்மானத்தைத் தானே ஈடுகட்டி மறைத்துவிடும் வசதி இல்லாததால், வால்வு இடைவெளியை அளந்தாலே வால்வைத் தள்ளும் கேம் லோபின் நிலை தெரிந்துவிடும். இன்டேக் பக்கம் சில இடைவெளிகள் விரிந்திருந்தன, ஆனால் லோபுகளில் குழி விழவில்லை. இந்த ஒரு இடத்தில் நேரத்தோடு வந்து சேர்ந்தோம் என்று சொல்லலாம்.

பழியைப் பங்கிடுதல்

எல்லாவற்றையும் அடைத்த பிசிவியின் தலையில் சுமத்துவது நியாயமாகாது. ஃபோர்ஜ்டு பிஸ்டன்கள் சூட்டில் கூடுதலாக விரிவதால், அவற்றுக்குக் குளிரில் கூடுதல் இடைவெளி விட்டே கட்ட வேண்டும். முதல் சில நிமிடங்கள் அவை போருக்குள் ஆடிக்கொண்டு ஓடும், ரிங்குகள் சுவரில் சரியாகப் படியாது. பத்து நிமிடப் பயணம் என்றால் பயணம் முழுவதுமே அந்த முதல் சில நிமிடங்கள்தான். எத்தனாலின் பங்கும் பெரிது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றியது இந்த உபயோகத்துக்குப் போதாது என்பதும் உண்மை. பாதிப் பொறுப்பு இந்த மூன்றுக்கும் உரியது என்று உரிமையாளரிடம் சொன்னேன். ஆனால் இந்த மூன்றும் எல்லா இ85 தெருக் கார்களிலும் இருப்பவை. அவற்றின் விளைவை நாள்தோறும் வெளியே அள்ளிக்கொட்ட வேண்டிய ஒரே வழியை அடைத்துவைத்தது இந்தக் காரில் நடந்தது. சமையலறையில் புகை வந்தது தாளிப்பால்தான், ஜன்னலால் அல்ல. ஆனாலும் ஜன்னலைச் சாத்திவைத்ததற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும்.

முந்தைய பட்டறைக்காகவும் ஒரு வார்த்தை. அவர்களிடம் வந்த புகார் திடலில் இன்டேக்குக்குள் ஆயில் போகிறது என்பது. அதை அவர்கள் தீர்த்தார்கள். இன்டேக்குக்குள் போகும் ஆயில் ஆவி எரிபொருளின் ஆக்டேன் வலுவைக் குறைத்து நாக்கிங்கை, அதாவது கலவை நேரம் தவறி வெடிப்பதை, வரவழைக்கும். நாக்கிங் பிஸ்டனின் ரிங் வரப்பை உடைக்கும். அந்தப் பயம் பொய்யல்ல. நிறுவனத்தின் பழைய ஏற்பாட்டில் காற்றை அளக்கும் இரு மீட்டர்கள் இருந்ததால், பிசிவியைத் திறந்தபடி விட்டு மறுபக்கத்தை மட்டும் வெளிக்காற்றுக்குக் கொடுத்தால் அளக்காத காற்று உள்ளே போய் ஐட்லிங் கெடும். எனவே பிசிவியையும் சேர்த்து அடைப்பது பழக்கமாயிற்று. இந்தக் காரில் அந்த மீட்டர்களை எடுத்துவிட்டு அழுத்த சென்சார் வைத்திருந்தார்கள். காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

திருத்தியது

போர்களைச் சிறிது பெரிதாக்கி, அடுத்த அளவுப் பிஸ்டன்களும் புதிய ரிங்குகளும் பேரிங்குகளும் போட்டோம். அந்த வேலை எந்தப் பட்டறையும் செய்வது, விவரிக்க ஏதுமில்லை. மூச்சுக்குழாயைப் பொறுத்தவரை செய்தவை இவை. இரு கேம் கவர்களின் உள்ளேயும் தடுப்புத் தகடுகளைப் பற்றவைத்து, ஆயில் நேரே வாய்க்குத் தெறிக்காமல் செய்தோம். கவர்களிலிருந்து 19 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாய்கள் ஒரு புதிய கேனுக்குப் போகின்றன. அதன் உள்ளே தடுப்புகளும் உலோக வலையும் உண்டு, தலையில் ஃபில்டர் கிடையாது, அது மூடிய கேன். அதிலிருந்து ஒரு குழாய் டர்போக்களுக்கு முந்தைய இன்டேக் குழாய்க்குப் போகிறது. இன்டேக் பக்கக் கவரிலிருந்து தனியாக ஒரு சிறு கேன் வழியாக, புதிய பிசிவி வால்வையும் அதற்குத் துணையாக ஓர் ஒருவழி வால்வையும் தாண்டி, மேனிஃபோல்டுக்கு இன்னொரு வழி. 1.3 பார் பூஸ்ட்டைத் தொடர்ந்து தடுத்து நிறுத்த நிறுவன வால்வை மட்டும் நம்ப எனக்கு மனம் வரவில்லை. அது ஒருநாள் ஒழுகினால் டர்போவின் பூஸ்ட்டே கிராங்க்கேஸுக்குள் பாயும், அதற்கு அடைத்துவைத்ததே மேல் என்றாகிவிடும். ஹெட்டின் பின்புறக் குழாயையும் ஆயில் துளையின் அளவையும் முந்தைய பட்டறை செய்தபடியே விட்டுவிட்டோம்.

ஆயில் மாற்றும் காலத்தைப் பாதியாக்கச் சொன்னோம். வாரத்தில் ஒருமுறையாவது ஆயில் வெப்பம் 100 டிகிரியை ஒட்டி வரும்வரை, அரை மணி நேரத்துக்குக் குறையாமல், ஊருக்கு வெளியே ஓட்டிவரச் சொன்னோம். அதை மட்டும் அவர் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார்.

நீர்க்குழாயை மீண்டும் மாட்டியபோது ஐட்லிங்கில் நீர் எஞ்சினின் பக்கம் ஒரு விரற்கடை இழுபட்டு அசையாமல் நின்றது. டைனோவில் முழு பூஸ்ட்டில் சென்சார் 1.5 கிலோபாஸ்கலைத் தாண்டவில்லை. டர்போக்கள் பழையவையே, புகை இல்லை. பின்புற சீல் இப்போது மூன்றாவது முறையாக மாற்றியது, இதுவரை காய்ந்தே இருக்கிறது.

அடுத்த குளிர்காலத்தில் உரிமையாளர் ஒரு கண்ணாடிப் புட்டியோடு வந்தார். பிசிவி வழியிலிருந்த சிறு கேனில் இரண்டு வாரத்தில் சேர்ந்தது என்றார்: பால் கலந்த தேநீர் நிறத்தில், முகர்ந்தால் சாராய வாடையோடு, பெரும்பகுதி நீர். எஞ்சினில் மறுபடி ஏதோ கெட்டுவிட்டது, முன்பெல்லாம் கேன் காய்ந்தே இருக்கும் என்று கவலைப்பட்டார். ஆயில் மூடியைக் கழற்றித் திருப்பிக் காட்டினேன். உட்புறத்தில் நுரை இல்லை. சுத்தமான ஆயில் மெல்லிய படலமாக ஒட்டியிருந்தது. புட்டியில் இருப்பது போன குளிர்காலத்தில் எங்கே இருந்தது என்று மட்டும் அவரிடம் கேட்டேன்.